டென்னிங்கை இன்னும் எதற்குக் கும்பிடுகிறீர்கள்?

கேள்வி: மூன்றாம் ஆண்டு சட்ட மாணவர் ஒருவர், ஜூன் 3, மாலை 6.15

ஒப்பந்தச் சட்ட வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க டென்னிங், டென்னிங் என்று அந்த இங்கிலாந்து நீதிபதியின் பெயரே ஓடியது. தேடிப் பார்த்தால் அவர் சொன்ன பல விஷயங்களை அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக மேலே இருந்த பிரபுக்கள் சபை தூக்கி எறிந்திருக்கிறது. கடைசியில் அவமானப்பட்டு ஓய்வு பெற்றிருக்கிறார். ஆனாலும் நம் ஊர் பழைய வக்கீல்கள் சாமி மாதிரிப் பேசுகிறார்கள். அழகாகக் கதை சொன்னதைத் தவிர அந்த மனிதர் என்ன செய்தார்?

ஜூன் 3, இரவு 10.40

அந்தப் பழைய வக்கீல்களில் நானும் ஒருவன், அதனால் பதில் சொல்லும் கடமை இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு 1984ல் சட்டக் கல்லூரிக்கு வந்தவன் நான். நூலகத்தில் ஆங்கிலேயத் தீர்ப்புகளை எடுத்து வைத்தால் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். எழுவாய் மேலே இருக்கும், பயனிலையைத் தேடிக் கீழே இறங்குவதற்குள் எழுவாய் மறந்துவிடும். அகராதி பக்கத்தில் இருந்தும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் தனித்தனியாக எல்லாச் சொல்லும் தெரிந்ததுதான். நமக்கு இந்தத் தொழில் வராது, ஊருக்குப் போய் அப்பாவோடு கமிஷன் மண்டியில் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவே செய்திருந்தேன். அப்போதுதான் ஒரு சீனியர் மாணவர் ஹின்ஸ் எதிர் பெர்ரி வழக்கை எடுத்துக் கொடுத்தார். 1970ல் டென்னிங் எழுதிய தீர்ப்பு. அது நடந்தது 1964 ஏப்ரல் 19ஆம் தேதி என்று ஒரு வாக்கியம். கென்ட்டில் புளூபெல் பூக்கிற காலம் என்று அடுத்த வாக்கியம். அவ்வளவுதான், மூச்சு வாங்காமல் போய்விட்டேன். ஹின்ஸ் குடும்பம் வேனை எடுத்துக்கொண்டு ஒருநாள் உல்லாசமாக வெளியே போயிருக்கிறது. சொந்தப் பிள்ளைகள் நான்கு, வளர்ப்புப் பிள்ளைகள் நான்கு, அம்மா வயிற்றில் இன்னொன்று. சாலையோரம் வேனை நிறுத்தி அப்பா டீ போடுகிறார். அம்மா ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் பூப் பறிக்கப் போகிறாள். ஒரு ஜாகுவார் கார் கட்டுப்பாடு இழந்து வந்து வேனில் மோதுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். கணவர் போய்விட்டார்.

வழக்கு எதைப் பற்றி? கண்ணால் பார்த்த அதிர்ச்சிக்குத் தனியாக 4,000 பவுண்டு கொடுத்தது அதிகமா என்பது. அவ்வளவுதான் சட்டப் பாயின்ட். அதிகமில்லை என்று முடித்தார். நான் அன்று அகராதியைத் தொடவில்லை, தம்பி. கதை மட்டும்தான் சொன்னாரா என்கிறீர்கள். எனக்கு அந்தக் கதைதான் நுழைவாயில்.

ஜூன் 3, இரவு 11.25

தூக்கம் வரவில்லை. ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

1899 ஜனவரியில் ஹாம்ப்ஷயரில் விட்சர்ச் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜவுளிக்கடைக்காரர், அம்மா டீச்சர். ஆறு பிள்ளைகள். அண்ணன்மார் இரண்டு பேரை முதல் உலகப் போர் கொண்டுபோனது. இவரும் 1918ல் பிரான்சில் ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கில் முதல் வகுப்பு, அப்புறம் வின்செஸ்டர் பள்ளியில் ஒரு வருடம் கணக்கு வாத்தியார், அது பிடிக்காமல் திரும்பிப் போய்ச் சட்டத்திலும் முதல் வகுப்பு. 1923ல் பாரிஸ்டர், 1938ல் கே.சி. என்ற மூத்த வக்கீல் பட்டம், 1944ல் நீதிபதி. அதற்குப் பிறகு 1982 வரை எழுந்திருக்கவே இல்லை. 38 வருடம்! நீதிபதிகளுக்கு 75 வயதில் ஓய்வு என்ற சட்டம் வருவதற்கு முன்பே நியமனம் பெற்றுவிட்டதால் அது இவரைக் கட்டாது. கிறிஸ்தவனுக்கு வேண்டிய எல்லா நற்குணமும் என்னிடம் உண்டு, ராஜினாமா ஒன்றைத் தவிர என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விட்டுக்கொடுத்துப் பொறுத்துப்போவது என்றும் பொருள் உண்டு, அதனால்தான் ஜோக்.

ஹாம்ப்ஷயர் கிராமத்துப் பேச்சு வாடை கடைசி வரை அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. என் சீனியர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடினாலும் கேட்பவருக்குத் திருநெல்வேலி தெரியும். அது மாதிரி.

ஜூன் 4, காலை 7.10

கேள்விக்கு வருகிறேன். என்ன செய்தார்? ஹை ட்ரீஸ் செய்தார்.

லண்டன் கிளாபமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். 1937ல் 99 வருடக் குத்தகை, வருடம் 2,500 பவுண்டு. போர் வந்து, குண்டு விழுந்து, ஊரே காலியாகிறது. எடுத்தவர்கள் வீடுகளை வாடகைக்கு விட முடியவில்லை. சரி, பாதி கொடு போதும் என்று 1940ல் நிலத்துக்காரக் கம்பெனி எழுதிக் கொடுக்கிறது, வருடம் 1,250. அந்தக் காலச் சட்டப்படி இந்த வாக்குறுதிக்குப் பதிலாக அவர்கள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, எனவே அது வெறும் பேச்சு. 1945ல் போர் முடிகிற நேரம் வீடுகள் நிறைந்துவிட்டன. முழு வாடகை கொடு என்று வழக்கு. நீதிபதியாகி இரண்டே வருடமான டென்னிங், ஒருவர் வாக்குக் கொடுத்து, அடுத்தவர் அதை நம்பி நடந்துகொண்டபின், வாக்கை விழுங்க முடியாது என்று சொல்லிக் குத்தகைதாரரைக் காப்பாற்றினார். பிராமிசரி எஸ்டாப்பல் என்கிற இந்தக் கொள்கை அங்கிருந்துதான் எழுந்து நடந்தது.

நம்மூரில் ‘வாய் வார்த்தைக்கு மரியாதை’ என்பார்கள். அதற்குச் சட்டத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தவர்.

ஜூன் 4, மதியம் 1.50

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டூ வீலர் ஸ்டாண்டில் இன்று வண்டி போட்டேன். டோக்கனில் ‘வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எறும்பு எழுத்தில் இருந்தது. தம்பி, 1971ல் தார்ன்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங் வழக்கைப் படியுங்கள். தானியங்கி கார் நிறுத்தம், இயந்திரம் டிக்கெட்டைத் துப்புகிறது, நிபந்தனைகள் உள்ளே ஒட்டியிருக்கின்றன. போனவர் அடிபட்டுவிட்டார். கம்பெனி பொறுப்பல்ல என்கிறது. டென்னிங் சொல்கிறார்: அந்த ஆள் இயந்திரத்திடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், திட்டக்கூடச் செய்யலாம், அது அசையாது. பணத்தைப் போட்ட நொடியில் ஒப்பந்தம் முடிந்தது, பிறகு காட்டும் நிபந்தனை செல்லாது. அதற்கு முன்பே 1956ல், சில நிபந்தனைகளைச் சிவப்பு மையில் அச்சடித்து, பார் பார் என்று ஒரு சிவப்புக் கை வரைந்தால்தான் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஸ்டாண்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். சார், பத்து ரூபாய் சில்லறையாகக் கொடுங்கள் என்றார்.

ஜூன் 4, இரவு 9.30

மாட்டிக்கொண்டேன். நாமக்கல்லில் இருந்து ஒரு நண்பர் போன் செய்து, காலையில் நீ எழுதியதைப் படித்தேன், ஹை ட்ரீஸில் ஜெயித்தது யார், மறுபடி ஒரு தரம் சொல் என்றார். அந்த ‘ஒரு தரம்’ என்ற குரலிலேயே தெரிந்துவிட்டது.

ஜெயித்தது நிலத்துக்காரக் கம்பெனி. அவர்கள் உண்மையில் கேட்டது 1945ன் கடைசி இரண்டு காலாண்டு வாடகை மட்டும். அப்போது வீடுகள் நிறைந்துவிட்டன, போர்க்காலச் சலுகை தீர்ந்தது, முழு வாடகை கொடு என்றுதான் தீர்ப்பு. 1940 முதல் 45 வரைக்குமான மிச்சத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்றது, யாரும் கேட்காத கேள்விக்கு அவர் போகிற போக்கில் சொன்ன பதில். அந்தப் போகிற போக்குதான் இன்றைக்குப் பாடப் புத்தகம்! தீர்ப்பு என்னவோ வேறு. முப்பத்தைந்து வருடம் கோர்ட்டில் இதை மேற்கோள் காட்டியவன் நான், எத்தனை முறை தப்பாகச் சொல்லியிருப்பேனோ, எதிர்த்தரப்பும் சரிபார்க்கவில்லை என்பதுதான் ஆறுதல்.

இன்னொன்று. 1951ல் கோம்ப் எதிர் கோம்ப் வழக்கில் ஒரு மனைவி இதே கொள்கையை வைத்துப் பணம் கேட்டு வழக்குப் போட்டபோது, இது தனியாக வழக்குத் தொடுக்க உதவாது என்று டென்னிங்கே பிரேக் போட்டார். கேடயம்தான், வாள் இல்லை. நம் உச்ச நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. 1979ல் மோதிலால் பதம்பத் வழக்கு: மூன்று வருடம் விற்பனை வரி கிடையாது என்று உத்தரப் பிரதேச அரசு சொன்னதை நம்பி வனஸ்பதி ஆலை கட்டினார்கள், அரசு பின்வாங்கியது. நீதிபதி பகவதி ஹை ட்ரீஸிலிருந்து தொடங்கி, இதை வைத்து வழக்கே போடலாம், அரசையும் கட்டும் என்று போனார். கேடயத்தை வாங்கி வந்து நாம் வாளாக அடித்துக்கொண்டோம். 1955ல் மொம்பாசா பாலத்துச் சுங்கம் பற்றிய நியாலி வழக்கில் டென்னிங் ஒன்று சொல்லியிருக்கிறார்: இங்கிலாந்துச் சட்டம் ஓக் மரம் மாதிரி, ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் நட்டால் வளரும், ஆனால் அதே மரமாக வளராது, பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அது வேம்பாகவே மாறிவிட்டது. எனக்கு வேம்புதான் பிடிக்கும்.

ஜூன் 5, காலை 6.40

“பிரபுக்கள் சபை வரை போனவரை ஏன் கீழே இறக்கினார்கள்?” என்று தம்பி கேட்கிறார். யாரும் இறக்கவில்லை. 1957ல் மேலே போனார், 1962ல் தானாக விரும்பி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பினார், மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற தலைமைப் பதவியில். கணக்கு வாத்தியார் அல்லவா. மேலே ஐந்து பேர் உட்காருவார்கள், இன்னும் இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். கீழே மூன்று பேர், ஒருவர் தலையாட்டினால் போதும். எந்த வழக்கு எந்த பெஞ்சுக்கு என்பதும் அவர் கையில். பெரும்பாலான வழக்குகள் அதற்கு மேல் போவதும் இல்லை. பதவி உயர்வைவிட ரோஸ்டர் பெரியது என்பது எந்தக் கோர்ட் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

ஜூன் 6, இரவு 11.00

இது நீளும்.

1974ல் வந்த லாயிட்ஸ் வங்கி எதிர் பண்டி. பிராட்சாக் இங்கிலாந்தின் மனதுக்கு இனிய கிராமங்களில் ஒன்று என்று ஆரம்பிக்கிறார். கிழவர் ஹெர்பர்ட் பண்டி அங்கே ஒரு விவசாயி. யூ ட்ரீ பண்ணை என்று ஒரு வீடும் நிலமும், அதைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை. ஒரே மகன் கம்பெனி நடத்துகிறான், கம்பெனி மூழ்குகிறது. அப்பா ஜாமீன் போடுகிறார். தொகை ஏறுகிறது. கடைசியில் வங்கி உதவி மேலாளர் பூர்த்தி செய்த படிவத்தோடு வீட்டுக்கே வருகிறார். பண்ணையின் மதிப்பு 10,000 பவுண்டு, அதன் மேல் 11,000க்கு அடமானம். கிழவர் கையெழுத்துப் போடுகிறார். வங்கி அதற்குப் பதிலாக மகனுக்குப் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. கம்பெனி மூழ்கியது, வீட்டைக் காலி செய் என்று வழக்கு. கீழ்க் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது கிழவருக்கு மாரடைப்பு. ஆனாலும் கீழ் நீதிபதி, நான் செய்ய ஒன்றுமில்லை என்றுவிட்டார். டென்னிங் செய்தார். இரண்டு தரப்புக்கும் பேரம் பேசும் பலம் சமமாக இல்லாதபோது, ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தி அநியாயமான ஒப்பந்தம் வாங்கினால் செல்லாது என்று ஒரு பெரிய கொள்கையையே விரித்தார்.

1993ல் எனக்கு ஒரு கிழவர் வந்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், ஓட்டு வீடு. மகன் லாரி வாங்கினான், லாரி ஓடவில்லை, அப்பா கைரேகை வைத்திருந்தார். நான் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்லலாம். நம்ம பண்டி வந்துவிட்டார்! வாதுரையில் தென்னந்தோப்பு, கிணறு, அவர் மனைவியை அடக்கம் செய்த இடம் எல்லாம் எழுதினேன். டென்னிங்கை மூன்று பக்கம் மேற்கோள் காட்டினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடன் கொடுத்தவர்கள் இவர் வீட்டுக்குப் போனார்களா, இவர் அங்கே போனாரா? இவர்தான் போனார், பஸ் ஏறி, மகனோடு. ஏதாவது வற்புறுத்தல்? இல்லை. மகன் கேட்டான், வைத்தேன் என்று கிழவரே கூண்டில் சொல்லிவிட்டார். தோற்றோம்.

படி இறங்கும்போது கிழவர் என்னைத் தேற்றினார். நல்லாத்தான் பேசுனீங்க சாமி, எங்க தோப்பு இவ்வளவு அழகுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சது என்றார்.

ஜூன் 7, காலை 8.05

நாமக்கல் நண்பரிடமிருந்து மறுபடி போன். பண்டியில் மற்ற இரண்டு நீதிபதிகளும் அந்தப் பெரிய கொள்கையைத் தொடவில்லையே என்கிறார். உண்மை. கிழவர் வங்கியை முழுசாக நம்பியிருந்தார், தனியாக யோசனை கேள் என்று வங்கி சொல்லவில்லை, அதனால் பழைய ‘தகாத செல்வாக்கு’ விதிப்படியே செல்லாது என்றுதான் முடித்தார்கள். பேரம் பேசும் பலம் சமமில்லை என்ற கொள்கை டென்னிங் ஒருவருடையது. 1985ல் பிரபுக்கள் சபை மோர்கன் வழக்கில் அது தேவையில்லை என்று ஒதுக்கியது. 1993ல் நான் மேற்கோள் காட்டியபோது அது எட்டு வருடம் பழைய சாம்பல். எதிர்த்தரப்பு அதையும் சரிபார்க்கவில்லை.

ஜூன் 8, இரவு 10.15

“அப்படியென்றால் என் கட்சிதான் ஜெயிக்கிறது” என்று தம்பி சந்தோஷப்படுகிறார். கொஞ்சம் பொறுங்கள்.

தோற்றதில் சில, ஜெயித்ததைவிடப் பெரியவை. 1951ல் கேண்ட்லர் வழக்கு. ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கையாளர் கவனக்குறைவாகத் தயாரிக்கிறார், இன்னொருவரிடம் காட்டத்தான் என்று தெரிந்தே. அவர் அதை நம்பி 2,000 பவுண்டு போட்டு இழக்கிறார். ஒப்பந்தம் இல்லையே, பொறுப்பும் இல்லை என்று இரண்டு நீதிபதிகள். டென்னிங் தனியாக மறுப்புத் தீர்ப்பு எழுதினார். புதிய வழக்கைக் கண்டு அஞ்சுகிறவர்கள் ஒரு பக்கம், துணிகிறவர்கள் ஒரு பக்கம் என்று சக நீதிபதிகளையே கொஞ்சம் குத்தினார். 1963ல் ஹெட்லி பைர்ன் வழக்கில் பிரபுக்கள் சபை அவர் பக்கம் வந்தது. பன்னிரண்டு வருடம்.

அப்புறம், கணவன் கைவிட்டுப் போன மனைவியின் வீடு. வீடு கணவன் பெயரில். அவன் ஓடிப் போய் அதை வங்கியில் வைத்துக் கடன் வாங்குகிறான், வங்கி வந்து அவளை வெளியேறச் சொல்கிறது. அவளுக்கு அங்கே இருக்க ஓர் உரிமை உண்டு, அது வங்கியையும் கட்டும் என்று 1950களில் டென்னிங் தீர்ப்புத் தீர்ப்பாகக் கட்டிக்கொண்டு போனார். சொத்துச் சட்ட வல்லுநர்களுக்கு வயிற்றெரிச்சல். 1965ல் எய்ன்ஸ்வொர்த் வழக்கில் பிரபுக்கள் சபை மொத்தமாக இடித்துத் தள்ளியது. இரண்டே வருடத்தில் நாடாளுமன்றம் அவளுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவதா வெற்றிக் கணக்கில் எழுதுவதா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் இப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சட்டத்தில் ஓட்டை இருந்தால் நீதிபதி அடைக்கலாம் என்றதற்கு, இது சட்டம் இயற்றும் வேலையைப் பச்சையாக அபகரிப்பது என்று சைமண்ட்ஸ் பிரபு 1951ல் கொடுத்த அறை அறைதான்.

ஜூன் 9, மாலை 5.30

தம்பி இன்று மில்லர் எதிர் ஜாக்சன் படித்தாராம், சிரிப்பு வந்ததாம். எனக்கும் வரும். 1977. டரம் பக்கம் லின்ட்ஸ் என்ற ஊர், 70 வருடமாக கிரிக்கெட் மைதானம். பக்கத்து வயலில் வீடுகள் வந்தன. குடிவந்த தம்பதி, சிக்ஸர் எல்லாம் எங்கள் தோட்டத்தில் விழுகிறது, நிறுத்துங்கள் என்று வழக்கு. கோடைக்காலத்தில் கிராமத்துக் கிரிக்கெட் எல்லோருக்கும் ஆனந்தம் என்று தொடங்குகிறார் டென்னிங். முன்பு அந்த வயலில் மாடுகள் மேய்ந்தன, அவற்றுக்குக் கிரிக்கெட்டால் தொந்தரவு இல்லை என்று ஒரு வரி வேறு. ஆட்டத்துக்குத் தடை இல்லை என்று முடிந்தது, 400 பவுண்டு நஷ்டஈட்டோடு. தொல்லைதான் என்று மற்ற இருவரும் சொன்னார்கள், ஆனால் அதில் ஒருவர் தடை வேண்டாம் என்று டென்னிங்கோடு சேர்ந்தார்.

சிரித்து முடித்தபின் ஒன்று தோன்றியது. முதல் வரியிலேயே அந்தத் தம்பதி தோற்றுவிட்டார்கள். தலையில் பந்து விழுமோ என்று சொந்தத் தோட்டத்தில் உட்கார முடியாதவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால்? ‘கோடைக்காலத்தில் சொந்தத் தோட்டத்தில் உட்காருவது எல்லோருக்கும் ஆனந்தம்.’ வழக்கு திரும்பியிருக்குமே. பண்டியில் இந்த வித்தை எனக்கு இனித்தது. இங்கே கொஞ்சம் உறுத்துகிறது.

ஜூன் 9, இரவு 10.50

மகள் பி.எட். படிக்கிறாள். சாப்பிடும்போது இந்தச் சண்டையைச் சொன்னேன். ராத்திரி என் மேசையில் இருந்த கட்டிலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்துப் படித்திருக்கிறாள். வார்ட் எதிர் பிராட்ஃபோர்ட் மாநகராட்சி, 1971. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி, விடுதி அறையில் ஓர் ஆண் வாரக்கணக்கில் தங்கியிருந்தான் என்று வெளியேற்றப்படுகிறாள். விசாரணை நடந்த விதத்தில் ஓட்டைகள் இருந்தன. கல்லூரியே விதியை நடுவில் மாற்றிக்கொண்டது. டென்னிங் அதையெல்லாம் தள்ளிவிட்டு, இவள் ஒருக்காலும் டீச்சராக முடியாது, தெரிந்தே எந்தப் பெற்றோரும் பிள்ளையை இவளிடம் ஒப்படைக்க மாட்டார்கள் என்று எழுதினார்.

மகள் காகிதத்தை வைத்துவிட்டு, இவரா அப்பா, கைவிடப்பட்ட பொண்டாட்டிக்கு வீடு வாங்கிக் கொடுத்தவர் என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் கொடுத்தார் போல என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 11, இரவு 9.45

இரண்டு நாள் வாய்தா வாங்கினேன். மற்றதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால் நாமக்கல் விடாது.

1982ல் மாண்ட்லா வழக்கு. பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளி, சீக்கியப் பையனைத் தலைப்பாகையோடு சேர்க்க மறுக்கிறது. சீக்கியர் ஒரு மதத்தார்தான், இனக் குழு இல்லை, எனவே இனப் பாகுபாட்டுச் சட்டம் பொருந்தாது என்றது டென்னிங் தலைமையிலான பெஞ்ச். மறு வருடம் பிரபுக்கள் சபை மாற்றியது: நீண்ட கூட்டு வரலாறும் தனிப் பண்பாடும் உள்ளவர்கள் இனக் குழுதான். 1982லேயே அவர் எழுதிய புத்தகம் ஒன்று வந்தது, பிரிஸ்டல் கலவர வழக்கைக் காட்டி, கறுப்பினத்தவரில் சிலர் ஜூரிக்குப் பொருத்தமில்லை என்கிற தொனியில். அந்த வழக்கின் ஜூரிகள் இருவர் வழக்குப் போடுவோம் என்றார்கள். புத்தகம் திரும்பப் பெறப்பட்டது, மன்னிப்புக் கேட்டார், ஓய்வு அறிவித்தார். 83 வயது. அப்புறமும் பதினேழு வருடம் இருந்தார். நூறு முடித்து 1999 மார்ச்சில் இறந்தார்.

தம்பி, அவமானப்பட்டு என்று நீங்கள் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை.

ஜூன் 12, அதிகாலை 4.20

பர்மிங்காம் ஆறு பேர் மிச்சம். நான் தள்ளிப் போட்டதே இதைத்தான்.

1974 நவம்பரில் பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு, 21 பேர் சாவு. ஆறு ஐரிஷ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை. காவலில் எங்களை அடித்தார்கள் என்று அந்த ஆறு பேர் போலீஸ் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். 1980ல் அது டென்னிங்கிடம் வந்தது. அவர் சொன்னது இதுதான்: இவர்கள் தோற்றால் பலருடைய நேரமும் பணமும் வீண். ஜெயித்தால், போலீஸ் பொய்சாட்சி சொன்னது, அடித்தது, வாக்குமூலம் வாங்கிய விதம் தப்பு, தண்டனையும் தப்பு என்றாகும். அது எவ்வளவு பயங்கரமான காட்சி! எனவே வழக்கை நடத்தவே விடக் கூடாது. தள்ளுபடி. பிரபுக்கள் சபையும் அடுத்த வருடம் ஒத்துக்கொண்டது, அது வேறு. 1991 மார்ச்சில் அந்த ஆறு பேரும் வெளியே வந்தார்கள், தண்டனை ரத்து. பதினாறு வருடம் உள்ளே. அதற்கு முந்தைய வருடம் ஒரு பேட்டியில், அப்போதே தூக்கில் போட்டிருந்தால் இந்தப் பிரசாரமெல்லாம் இருந்திருக்காது என்று பேசியவர் இவர்.

பூப் பறிக்கப் போனவளைக் கண்ணால் பார்த்தவர். மாடுகளுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா என்று யோசித்தவர். ஒரு காவல் அறையை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

முதலில் இதோடு நிறுத்தியிருந்தேன், அனுப்பிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன். நான் யார் சொல்வதற்கு. 2001ல் ஒருவன் என்னிடம் வந்தான். சைக்கிள் திருட்டு, அடிதடி என்று ஏற்கெனவே நாலு வழக்கு அவன் மேல். ஒரு ஸ்டேஷனில் வைத்து அடித்ததில் இடது கை விரல் இரண்டு மடங்கவில்லை. வழக்குப் போடணும் என்றான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். உன் பேச்சை எவன் நம்புவான், ஜெயித்தாலும் அந்த ஊரில் நீ இருக்க முடியுமா, அத்தனை போலீஸும் பொய் சொன்னார்கள் என்று எந்த நீதிபதி எழுதுவார், போய்ப் பிழைக்கிற வழியைப் பார் என்றேன். நல்ல யோசனை சொன்னதாகத்தான் நினைத்தேன். அவனும் கும்பிட்டுவிட்டுப் போனான், வலது கையை இடது கையால் சரியாகப் பிடிக்க முடியாமல்.

அவனைப் பற்றி முதல் வரி எழுத எனக்கு வரவில்லை. தோப்பு இல்லை, கிணறு இல்லை, நாலு வழக்கு இருந்தது.

ஜூன் 12, மாலை 6.00

தம்பி தனியாகக் கேட்டிருக்கிறார், அடுத்த வாரம் தேர்வு, ஹை ட்ரீஸ் வந்தால் எப்படி எழுதுவது என்று. நிலத்துக்காரன் ஜெயித்தான் என்று முதல் வரியில் எழுதுங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார். கிளாபம், 1937, 2,500, 1,250, இதெல்லாம் சரியாக இருக்கட்டும். கேண்ட்லர் ஆண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், 1951. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காதீர்கள், நாமக்கல் நண்பரின் நம்பர் தருகிறேன்.